மூன்றாவது டியூப் களிம்பு

மருந்துக்கடையில் நசுங்கிப்போன பழைய டியூபை நீட்டி, "இதே ஆயின்மென்ட் ஒண்ணு குடுப்பா" என்று கேட்கும் பாட்டிகள் எல்லா ஊரிலும் உண்டு. அரிப்பு எந்த இடத்தில் என்று அவர்கள் சொல்வதில்லை, கடைக்காரரும் கேட்பதில்லை.

பிறப்புறுப்பின் வெளித்தோலில் வரும் புற்றுநோய் அரிதானது. அரிது என்பதாலேயே அது யாருடைய நினைவுக்கும் வருவதில்லை. பெரும்பாலும் மாதவிடாய் நின்று பல ஆண்டுகள் ஆன பெண்களுக்குத்தான் வருகிறது. முதல் அறிகுறி, பல நேரங்களில், விடாத அரிப்புதான். சிலருக்கு அதற்கு முன்பே 'லைக்கன் ஸ்கிளிரோசஸ்' என்ற தோல்நோய் இருக்கும்: தோல் வெளுத்து, கசக்கிய காகிதம்போல் மெலிந்து சுருங்கும். அவர்களில் 100 பேரில் ஐந்து பேருக்கும் குறைவாகவே புற்றுநோய் வரும். டாக்டர் சொன்னபடி வீரியமான ஸ்டீராய்டு களிம்பைத் தொடர்ந்து தடவி வந்தால் அந்த ஆபத்தும் குறையும். அதற்கு முதலில் யாராவது பார்க்க வேண்டுமே!

பார்ப்பதில்லை என்பதுதான் வேதனை. சர்க்கரை இருக்கிறதா, பூஞ்சைத் தொற்றாக இருக்கும் என்று நாற்காலியில் உட்காரவைத்தே சீட்டு எழுதிவிடுகிறார்கள். துணைக்கு வந்த மகன் எதிரில் நிற்க, அந்த அம்மா எப்படி வாய் திறப்பார்? பூஞ்சை மருந்துக்குச் சில வாரங்களில் அடங்காத அரிப்பு, ஆறாத புண், தடிப்பு, நிறம் மாறிய தோல் எதுவானாலும் மறைப்புக்குப் பின்னால் படுக்கவைத்து, நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். சந்தேகம் வந்தால் மரத்துப்போக ஊசி போட்டு, சிறு துணுக்குச் சதை எடுத்து பயாப்சிக்கு அனுப்பலாம். சில நிமிட வேலை.

தாமதத்தின் விலை பெரிது. தோலோடு நிற்கும்போது கண்டுபிடித்தால் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் ஐந்தாண்டைத் தாண்டுகிறார்கள். தொடை இடுக்கில் நெறி கட்டி, நோய் அங்கே பரவிவிட்டால் ஏறத்தாழ பாதிப் பேர்தான்.

அரசின் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை 30 முதல் 65 வயதுவரைதான். அதுவும் வெளித்தோல் நோயைத் தேடுவதற்கானதல்ல. ஆனால் 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை கொண்டுவரும் பெண் தன்னார்வலர், வயதான பெண்களின் வீட்டுத் திண்ணைவரை வருகிறார். மாத்திரை அட்டையைக் கையில் கொடுக்கும்போதே அவர் இரண்டு கேள்விகள் கேட்கட்டும்: "பாட்டி, கீழே அரிப்போ புண்ணோ இருக்கா? தீட்டு நின்னதுக்கு அப்புறம் ரத்தம் பட்டுச்சா?"