கம்ப்யூட்டர் கைமருந்து: புது கிராஃபிக்ஸ் கார்டு போட்டும் திரை திக்குதா? பர்ஸைத் திறக்கும் முன் இதைப் பாருங்க!

"மகள் விஸ்காம் படிக்கிறாள். வீடியோ எடிட்டிங்குக்காக வீட்டிலிருக்கும் பழைய கம்ப்யூட்டரில் புது கிராஃபிக்ஸ் கார்டு போட்டுக் கொடுத்தோம். இப்போது படம் முன்பைவிட மோசமாக விட்டு விட்டு ஓடுகிறது. கடையில் கேட்டால், 'மதர்போர்டு, பிராசஸர் எல்லாத்தையும் மாத்தணும்' என்கிறார்கள். நிஜமாகவே மாற்ற வேண்டுமா?"

ஒரு வாசகியின் கேள்வி இது. மாற்ற வேண்டியும் வரலாம். ஆனால், அது கடைசி வைத்தியம். அதற்கு முன் காசே செலவாகாத சோதனைகள் நிறைய இருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாக, வரிசையாகச் செய்யுங்கள். ஒரே நேரத்தில் நாலு விஷயத்தை மாற்றினால், எதனால் சரியானது என்றே தெரியாமல் போய்விடும்.

ஏன் திக்குகிறது?

சாதாரண 60 ஹெர்ட்ஸ் மானிட்டர், ஒரு நொடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்கிறது. அதாவது, 16.7 மில்லி செகண்டுக்கு ஒரு படம் தயாராக வந்து நிற்க வேண்டும். வரவில்லையென்றால் பழைய படமே இன்னொரு முறை காட்டப்படும். இதைத்தான் நம் கண் 'ஜெர்க்' என்று உணர்கிறது. படத்தை வரைவது கார்டு. ஆனால் அதற்கு வேலை கொடுப்பது பிராசஸர், பொருள் எடுத்துக் கொடுப்பது ரேம், மின்சாரம் தருவது பவர் சப்ளை. இதில் யார் தாமதித்தாலும் பழி கார்டின் மேல்தான் விழும்.

1. கேபிள் எங்கே சொருகியிருக்கிறது?

கேபினட்டின் பின்பக்கம் பாருங்கள். யுஎஸ்பி, ஆடியோ துளைகளுக்குப் பக்கத்தில் ஒரு ஹெச்டிஎம்ஐ இருக்கும். அது மதர்போர்டுடையது. அதற்குக் கீழே தனியாக, படுக்கை வசத்தில் இருப்பதுதான் புது கார்டுடையது. பழக்கதோஷத்தில் மானிட்டர் கேபிளைப் பழைய இடத்திலேயே சொருகியிருந்தால், புது கார்டை ஒதுக்கிவிட்டு, பிராசஸருக்குள் இருக்கும் சின்ன கிராஃபிக்ஸே படம் காட்டிக்கொண்டிருக்கும்.

2. ரெஃப்ரெஷ் ரேட் சரியா?

கார்டு மாற்றிய பிறகு மானிட்டர் செட்டிங் மாறியிருக்கலாம். விண்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று போனால் ரெஃப்ரெஷ் ரேட் தெரியும். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் 60-ல் ஓடினால், மாற்றிவிடுங்கள். வேறு வேறு வேகத்தில் இரண்டு மானிட்டர் வைத்திருப்பவர்கள், ஒன்றைக் கழற்றிவிட்டுச் சோதித்துப் பாருங்கள்.

3. கொஞ்சம் பொறுங்கள்

பிரச்னை கேமில் மட்டும்தான் என்றால், ஒரு விஷயம். புது கார்டு வந்ததும், கேம்கள் தங்கள் 'ஷேடர்' எனும் சிறு புரோகிராம்களை அந்தக் கார்டுக்கு ஏற்றபடி மறுபடி தயாரிக்கும். அதனால் முதல் தடவை விளையாடும்போது ஆங்காங்கே திக்கும். அதே இடத்துக்கு இரண்டாம் முறை போகும்போது திக்கவில்லையென்றால், கார்டு நல்ல கார்டுதான்.

4. பழைய டிரைவரை வழியனுப்புங்கள்

என்விடியா கார்டை எடுத்துவிட்டு ஏஎம்டி போட்டவர்களும், ஏஎம்டியிலிருந்து என்விடியாவுக்கு வந்தவர்களும் அவசியம் செய்ய வேண்டியது இது. பழைய டிரைவரின் மிச்சங்கள் புதியதோடு மோதலாம்.

புது டிரைவரைக் கார்டு நிறுவனத்தின் தளத்திலிருந்து முதலில் டவுன்லோடு செய்துகொள்ளுங்கள். பிறகு இணையத்தைத் துண்டியுங்கள். இல்லையென்றால், இடையில் விண்டோஸே ஒரு டிரைவரைப் போட்டுவிடும். அடுத்து சேஃப் மோடில் போய், 'டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர்' என்ற இலவச மென்பொருளால் பழையதைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, புதியதை நிறுவுங்கள். சில கம்ப்யூட்டர்களில் சேஃப் மோடுக்குப் போகும்போது பிட்லாக்கர் ரெகவரி கீ கேட்கும். அதை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

5. யாருக்கு மூச்சு வாங்குகிறது?

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். பர்ஃபாமன்ஸ் பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு, படம் திக்கும் அந்த வேலையைச் செய்யுங்கள். பிராசஸர் 100 சதவிகிதத்தைத் தொட்டு, கார்டு பாதிகூட வேலை செய்யவில்லையென்றால், பிராசஸர்தான் திணறுகிறது. ரேம் நிரம்பி வழிந்தால், ரேம் கூட்டினால் போதும். ஜிபியு பகுதியில் 'டெடிகேட்டட் மெமரி' முழுதாக நிரம்பியிருந்தால், வீடியோவின் பிரிவ்யூ தரத்தையோ, கேமின் டெக்ஸ்ச்சர் தரத்தையோ ஒரு படி குறைத்துப் பாருங்கள்.

6. கேபினட்டைத் திறக்கலாமா?

திறக்கலாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கேபினட்டின் இரும்புப் பகுதியை ஒருமுறை தொட்டுவிட்டு, எதையும் கழற்றும் முன் மொபைலில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

மதர்போர்டு ஸ்லாட் வழியாகக் கார்டுக்கு அதிகபட்சம் 75 வாட்தான் கிடைக்கும். கூடுதல் தேவைக்குத்தான் 6 பின், 8 பின் கனெக்டர்கள். 6 பின் 75 வாட், 8 பின் 150 வாட் தரக்கூடியவை. இவை கிளிக் சத்தத்தோடு முழுதாக உட்கார்ந்திருக்க வேண்டும். கார்டில் இரண்டு கனெக்டர் இருந்தால், பவர் சப்ளையிலிருந்து இரண்டு தனித்தனி கேபிள் கொடுப்பது நல்லது.

கார்டு, பிராசஸருக்கு மிக அருகிலுள்ள நீள ஸ்லாட்டில்தான் இருக்க வேண்டும். கீழே உள்ள ஸ்லாட் பார்க்க அதே நீளம் இருந்தாலும், பல போர்டுகளில் உள்ளுக்குள் பாதைகள் குறைவு. இரண்டு ரேம் இருந்தால், மதர்போர்டு கையேட்டில் சொன்ன ஜோடி ஸ்லாட்களில் போடுங்கள்.

7. கார்டுக்கும் போர்டுக்கும் பொருத்தம் இருக்கிறதா?

பலர் கோட்டை விடுவது இங்கேதான். உதாரணமாக, 2022-ல் வந்த ஏஎம்டி ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்டு மதர்போர்டோடு பேச வெறும் 4 பாதைகளைத்தான் பயன்படுத்துகிறது. பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0 உள்ள போர்டில் இது சமாளித்துவிடும். பழைய 3.0 போர்டில் அந்தப் பாதைகளின் வேகம் பாதியாகிவிடும். தவிர, வீடியோவை என்கோட் செய்யும் தனி வசதியும் இந்தக் கார்டில் கிடையாது. எடிட்டிங் செய்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இன்டெல் ஆர்க் கார்டுகளுக்கு 'ரீசைசபிள் பார்' என்ற வசதி பயாஸில் ஆன் ஆகியிருக்க வேண்டும். பழைய போர்டில் அது இல்லையென்றால் ஆர்க் கார்டு தடுமாறும்.

ஏஎம்டி ரைசன் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. படத்தோடு ஆடியோவும் எப்போதாவது ஒரு கணம் உறைந்தால், அது கார்டின் தவறாக இல்லாமலும் இருக்கலாம். எஃப்டிபிஎம் எனும் பாதுகாப்பு அம்சத்தால் சில ரைசன் கம்ப்யூட்டர்களில் இப்படி நடக்கிறது என்று 2022-ல் ஏஎம்டியே ஒப்புக்கொண்டது. இதற்குத் தீர்வு பயாஸ் அப்டேட்.

'ஜிபியு இசட்' என்ற இலவச மென்பொருளில் 'பஸ் இன்டர்ஃபேஸ்' என்ற இடத்தில் பார்த்தால், கார்டு எத்தனை பாதையில், எந்த வேகத்தில் ஓடுகிறது என்று தெரியும். சும்மா இருக்கும்போது வேகத்தைக் குறைத்துக் காட்டும். பக்கத்திலுள்ள கேள்விக்குறியை அழுத்தி, சோதனையை ஓடவிட்டுப் பாருங்கள்.

எல்லாம் செய்தும் சரியாகவில்லையா?

ரிட்டர்ன் தேதி முடிவதற்குள் முடிவெடுங்கள். தெரிந்தவர் கம்ப்யூட்டரில் கார்டைப் பொருத்திப் பார்க்க முடிந்தால் அதுதான் சிறந்த சோதனை. அங்கேயும் திக்கினால் கோளாறு கார்டில். தைரியமாக மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். அங்கே சரளமாக ஓடினால், கார்டைக் குறை சொல்ல முடியாது. உங்கள் போர்டுக்குப் பொருந்தும் வேறு கார்டைக் கேட்டுப் பாருங்கள்.

கடைக்குப் போகும்போது திரை திக்குவதை வீடியோவாகவும், டாஸ்க் மேனேஜர், ஜிபியு இசட் திரைகளைப் போட்டோவாகவும் எடுத்துப் போங்கள். 'எல்லாத்தையும் மாத்தணும்' என்று யாராவது சொன்னால், அந்தப் போட்டோக்களைக் காட்டி, "இதுல எந்தப் பார்ட் சார் பிரச்னை?" என்று கேளுங்கள். அதற்குத் தெளிவான பதில் வரும்வரை பர்ஸ் மூடியே இருக்கட்டும்.