வந்து நிற்பவர்கள் எழுதும் சட்டம்

துப்பாக்கி வாங்கும் எவராக இருந்தாலும் அவருடைய பின்னணியைச் சோதித்த பிறகே விற்க வேண்டும் என்ற யோசனையை, அமெரிக்கர்களில் எண்பது விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் கருத்துக் கணிப்புகளில் தொடர்ந்து ஆதரித்துவருகிறார்கள். துப்பாக்கி வைத்திருப்பவர்களில் பெரும்பாலோரும் இதில் அடக்கம். ஆனாலும், பெரும்பாலான மாநிலங்களில் அப்படியொரு சட்டம் இல்லை. உரிமமே இல்லாமல் கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லலாம் என்ற சட்டமோ 29 மாநிலங்களில் வந்துவிட்டது. 1980களின் தொடக்கத்தில் அந்த நிலை இருந்த மாநிலம் வெர்மாண்ட் ஒன்றுதான். பெரும்பான்மை மக்கள் ஒரு பக்கம் நிற்க, சட்டம் மட்டும் எதிர்ப் பக்கம் இவ்வளவு தூரம் போனது எப்படி?

துப்பாக்கி உரிமைக்காக வாதாடும் தேசிய ரைஃபிள் சங்கத்தின் பணபலம் என்பதுதான் எல்லோரும் சொல்லும் பதில். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால், அந்தச் சங்கத்தின் தலைமையகம் இருக்கும் வர்ஜீனியா மாநிலத்தைக் கூர்ந்து பார்த்தால் அந்தப் பதில் பாதியிலேயே நின்றுவிடுகிறது. 2019 மாநிலத் தேர்தலில் துப்பாக்கிக் கட்டுப்பாட்டை ஆதரிக்கும் ‘எவ்ரிடவுன்’ அமைப்பு அங்கே செலவழித்த பணம், ரைஃபிள் சங்கம் செலவழித்ததைப் போலப் பல மடங்கு. வர்ஜீனியாவில் துப்பாக்கி உரிமைக்காரர்களின் பலம் வேறோர் இடத்திலிருந்து வருகிறது. ஆண்டுதோறும் ஜனவரியில், எந்த மசோதா எந்தத் துணைக்குழு முன்பு எத்தனை மணிக்கு வருகிறது என்று தெரிந்துவைத்துக்கொண்டு, தலைநகர் ரிச்மண்டில் போய் நிற்கும் சாதாரண மனிதர்களிடமிருந்து வருகிறது.

துணைக்குழு அறையில் நடப்பது

வர்ஜீனியா சட்டமன்றத்தின் அமைப்பைத் தெரிந்துகொண்டால்தான் இந்தப் பலத்தின் அளவு புரியும். 1619இல் தொடங்கிய அந்த மன்றத்தில் கீழவைக்கு 100 பேர், செனட்டுக்கு 40 பேர். அது ஆண்டு முழுவதும் கூடும் மன்றம் அல்ல. இரட்டைப்படை ஆண்டுகளில் 60 நாள், ஒற்றைப்படை ஆண்டுகளில் சுமார் ஆறரை வாரம். அதற்குள் ஆயிரக்கணக்கான மசோதாக்களைப் பார்த்து முடிக்க வேண்டும். நெடுங்காலமாகக் கீழவை உறுப்பினரின் ஆண்டு ஊதியம் 17,640 டாலர். செனட் உறுப்பினருக்கு 18,000 டாலர். வழக்கறிஞர், விவசாயி, வியாபாரி என்று ஆளுக்கொரு தொழில் வைத்திருப்பவர்கள்தான் உறுப்பினர்கள். ஒவ்வொருவருக்கும் ஓரிரு உதவியாளர்கள். அப்படியோர் அலுவலகத்துக்குச் சொந்தத் தொகுதியிலிருந்து ஒரே நாளில் முப்பது தொலைபேசி அழைப்புகள் வந்தால், அந்த உறுப்பினர் அன்றைக்கு வேறெதையும் நினைக்க மாட்டார்.

மசோதாவின் உயிர் முழு அவையில் தீர்மானமாவது குறைவு. ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருக்கும் துணைக்குழுவிலேயே பல மசோதாக்களின் கதை முடிந்துவிடும். சில கூட்டங்கள் காலை ஏழு மணிக்கே தொடங்கிவிடும். பேச வருபவர்களுக்குக் கிடைப்பது ஒன்றிரண்டு நிமிடம். நேரம் போதாதபோது, ‘இந்த மசோதாவை எதிர்ப்பவர்கள் எழுந்து நில்லுங்கள்’ என்று தலைவர் சொல்வார். துப்பாக்கி மசோதா என்றால், சட்டைப் பையின் மேல் ஆரஞ்சு நிற வட்ட ஸ்டிக்கர் ஒட்டியவர்கள் வரிசை வரிசையாக எழுந்து நிற்பார்கள். ‘துப்பாக்கிகள் உயிர் காக்கும்’ என்பது அந்த ஸ்டிக்கரின் வாசகம். ஒட்டியிருப்பவர்கள், 1994இல் தொடங்கிய வர்ஜீனியா குடிமக்கள் பாதுகாப்புக் கழகத்தைச் சேர்ந்தவர்கள். ரைஃபிள் சங்கமே ஒத்துக்கொள்ளும் சமரசங்களைக்கூட ஏற்காத அளவுக்கு உறுதியானது அந்தக் கழகம்.

இந்த உறுதிக்கு என்ன பலன் கிடைத்தது? வர்ஜீனியாவில் வாங்கிய துப்பாக்கிகள் நியூயார்க் வரை கடத்தப்படுகின்றன என்ற குற்றச்சாட்டையடுத்து, மாதத்துக்கு ஒரு கைத்துப்பாக்கிக்கு மேல் ஒருவர் வாங்கக் கூடாது என்ற சட்டத்தை ஆளுநர் டக்ளஸ் வைல்டர் 1993இல் கொண்டுவந்தார். அதை நீக்கும் முயற்சி ஓயவே இல்லை. 2012இல் அது வென்றது. எதிர்ப்பக்கத்தில் நடந்ததோ வேறு. 2007 ஏப்ரல் 16 அன்று வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் 32 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கண்காட்சிகளில் தனியார் விற்கும் துப்பாக்கிகளுக்கும் பின்னணிச் சோதனை வேண்டும் என்று, பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோரே ரிச்மண்டுக்கு வந்து மன்றாடினார்கள். 2008இல் அந்த மசோதா தோற்றது. தனியார் விற்பனைக்கும் பின்னணிச் சோதனை என்பது சட்டமாக மேலும் 12 ஆண்டுகள் ஆயின. அத்தனை பெரிய துயரம்கூட, ஆண்டு தவறாமல் வந்து நிற்கும் ஓர் அமைப்புக்கு ஈடாகவில்லை.

துயரம் இரு பக்கமும் உண்டு

துப்பாக்கி உரிமைக்காக வந்து நிற்பவர்களை வெறியர்கள் என்று ஒதுக்கிவிடுவது எளிது. அது நியாயமும் இல்லை, பயனும் இல்லை. 1991 அக்டோபரில் டெக்சஸ் மாநிலம் கிலீன் நகர உணவகம் ஒன்றில் ஒருவன் 23 பேரைச் சுட்டுக் கொன்றான். அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்த சுசானா ஹப் என்ற பெண், தாய் தந்தை இருவரையும் கண்ணெதிரே இழந்தார். அவருடைய கைத்துப்பாக்கி வெளியே நிறுத்தியிருந்த காரில் இருந்தது. மறைத்து எடுத்துச் செல்வது அன்றைய டெக்சஸில் குற்றம் என்பதால் அதை அவர் உள்ளே கொண்டுவரவில்லை. அதன் பிறகு அவர் மாநிலம் மாநிலமாகச் சட்டமன்றக் குழுக்கள் முன்பு போய்ச் சாட்சியம் சொன்னார். 1995இல் டெக்சஸில் மறைத்து எடுத்துச் செல்லும் உரிமைச் சட்டம் வந்தது. மறு ஆண்டு அவரே மாநில அவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அவர் வந்தடைந்த முடிவை நான் ஏற்கவில்லை. 2021இல் மட்டும் அமெரிக்காவில் 48,830 பேர் துப்பாக்கியால் இறந்தார்கள். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தற்கொலை செய்துகொண்டவர்கள். கைக்கெட்டும் தூரத்தில் இன்னொரு துப்பாக்கி இருந்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள் என்று யாராலும் வாதிட முடியாது. ஆனால், இழப்பைச் சுமந்துகொண்டு, சொந்தக் காசைச் செலவழித்து, முன்பின் தெரியாத உறுப்பினர்கள் முன்னால் நின்று பேசிய அந்தப் பெண் செய்தது ஜனநாயகக் கடமை. முறை சரியானது என்று ஒத்துக்கொண்டால்தான், அந்த முறையில் எதை அனுமதிக்கக் கூடாது என்றும் நாம் சொல்ல முடியும்.

2020 ஜனவரி 20

2019 மே மாதம் வர்ஜீனியா பீச் நகராட்சி அலுவலகத்தில் 12 பேர் கொல்லப்பட்டார்கள். ஆளுநர் ரால்ஃப் நார்தம் கூட்டிய சிறப்புக் கூட்டத்தொடரை, பெரும்பான்மை வைத்திருந்த குடியரசுக் கட்சியினர் எந்த மசோதாவையும் வாக்கெடுப்புக்கு விடாமல் தொண்ணூறே நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். நவம்பர் தேர்தலில் ஜனநாயகக் கட்சி இரு அவைகளையும் பிடித்தது. அடுத்த சில வாரங்களில் கவுண்டி நிர்வாகக் கூட்டங்கள் நிரம்பி வழிந்தன. வழக்கமாகப் பத்துப் பேர்கூட வராத அந்தக் கூட்டங்களுக்கு நூற்றுக்கணக்கில் மக்கள் திரண்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட உள்ளாட்சி அமைப்புகள் தங்களை ‘துப்பாக்கி உரிமைச் சரணாலயம்’ என்று அறிவித்தன. அந்தத் தீர்மானங்களுக்குச் சட்ட மதிப்பு கிடையாது என்று மாநில அட்டர்னி ஜெனரல் மார்க் ஹெர்ரிங் விளக்கம் அளித்தார். சட்ட மதிப்பு இல்லைதான். ஆனால், தன் ஊர் மக்கள் எந்த அளவுக்குக் கொதித்துப்போயிருக்கிறார்கள் என்பதை ஒவ்வோர் உறுப்பினரும் அதிலிருந்து தெரிந்துகொண்டார்.

அதன் உச்சம் 2020 ஜனவரி 20. மார்ட்டின் லூதர் கிங் நினைவு விடுமுறை நாள் அது. சட்டமன்றம் கூடியிருக்கும் காலத்தில் வரும் விடுமுறை என்பதால், வேலைக்குப் போகிறவர்களும் தலைநகருக்கு வந்து உறுப்பினர்களைச் சந்திக்க வசதியான நாள். பல அமைப்புகளுக்கு அது மரபான மனு நாள். அன்று சுமார் 22,000 பேர் ரிச்மண்டில் திரண்டார்கள். வன்முறை அச்சத்தால் ஆளுநர் நெருக்கடி நிலை அறிவித்து, சட்டமன்ற வளாகத்துக்குள் ஆயுதங்களைத் தடைசெய்திருந்தார். வேலிக்குள் ஆறாயிரம் பேர் ஆயுதமின்றி நின்றார்கள். வெளியே தெருவில் மீதிப் பேர். அவர்களில் பலர் தோளில் ரைஃபிளுடன் நின்றார்கள். ஒரு குண்டுகூட வெடிக்கவில்லை. கூட்டம் அமைதியாகவே கலைந்தது.

அந்த அமைதியைப் பலரும் பாராட்டினார்கள். கூட்டத்தை நடத்தியவர்களின் கட்டுப்பாட்டுக்கு அந்தப் பாராட்டு உரியதுதான். ஆனால், அன்று ரிச்மண்டில் நடக்காமல் போனது ஒன்றும் உண்டு. துப்பாக்கிக்குப் பலியானவர்களுக்காக ஆண்டுதோறும் அதே நாளில் அதே வளாகத்தில் நடக்கும் அஞ்சலிக் கூட்டத்தை, பாதுகாப்புக் கருதி அதன் ஏற்பாட்டாளர்கள் ரத்துசெய்தார்கள். எப்படியும் உறுப்பினர்களைச் சந்தித்துவிட வேண்டும் என்று நினைத்த மாணவர்கள் சிலர், காலையில் அந்தக் கூட்டத்தைக் கடந்து வர வேண்டியிருக்குமே என்று முந்தைய இரவே ஓர் உறுப்பினரின் அலுவலகத்தில் வந்து படுத்துக்கொண்டார்கள். மனுக் கொடுக்க வரும் ஒருவரின் தோளில் ரைஃபிள் தொங்கினால், இன்னொருவர் மனுவோடு வீட்டிலேயே இருந்துவிடுவார். சுட வேண்டிய அவசியமே இல்லை. சட்டமன்றத்தில் எல்லோருக்கும் ஒரே அளவு குரல் என்ற ஏற்பாடு அங்கேயே முறிந்துபோகிறது. அதே ஆண்டு ஏப்ரலில் மிச்சிகன் சட்டமன்றக் கட்டடத்துக்குள்ளேயே ஆயுதங்களோடு போராட்டக்காரர்கள் நுழைந்தபோது நாடே அதைக் கண்டது.

எண்ணிக்கை எங்கே வென்றது?

22,000 பேர் திரண்டதால் மசோதாக்கள் நின்றனவா? எல்லாத் துப்பாக்கி விற்பனைக்கும் பின்னணிச் சோதனை, மாதத்துக்கு ஒரு கைத்துப்பாக்கி என்ற பழைய வரம்பு, ஆபத்தானவர் என்று தெரிந்தால் நீதிமன்ற உத்தரவின் பேரில் துப்பாக்கியைத் தற்காலிகமாக எடுத்துவைத்தல், தொலைந்த துப்பாக்கியைப் பற்றி 48 மணி நேரத்துக்குள் காவல் துறைக்குத் தெரிவித்தல், பொது இடங்களில் ஆயுதத்தைத் தடுக்க உள்ளாட்சிகளுக்கு அதிகாரம் என ஐந்தும் ஏப்ரலில் சட்டமாயின. அவற்றுக்கான வாக்குகள் நவம்பரிலேயே எண்ணி முடிக்கப்பட்டவை. ஆனால், தாக்குதல் ரகத் துப்பாக்கிகளின் விற்பனையைத் தடைசெய்யும் மசோதா செனட் குழுவில் 10-5 என்ற கணக்கில் ஓராண்டுக்குத் தள்ளிவைக்கப்பட்டது. ஜனநாயகக் கட்சி உறுப்பினர்கள் நால்வர் எதிர்க்கட்சியோடு சேர்ந்து வாக்களித்தார்கள். தேர்தலில் தோற்ற ஒரு தரப்பு, தன் கோரிக்கைகளில் முக்கியமான ஒன்றைக் குழு அறையில் காப்பாற்றிக்கொண்டது. மக்கள் வந்து நிற்பதன் பலன் இப்படித்தான் வேலைசெய்கிறது. கட்சி முடிவெடுத்துவிட்ட இடத்தில் அதற்கு வலு இல்லை. உறுப்பினர் தயங்கும் இடத்தில் அதுவே எல்லாம்.

இந்தப் பாடத்தை எதிர்த்தரப்பும் கற்றுக்கொண்டுவருகிறது. 2012 டிசம்பரில் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் கொல்லப்பட்ட மறுநாள் ஷானன் வாட்ஸ் தொடங்கிய தாய்மார் அமைப்பு, சிவப்பு டி-ஷர்ட்டோடு குழு அறைகளில் உட்காரத் தொடங்கியது. ஆரஞ்சு ஸ்டிக்கர்கள் மட்டுமே தெரிந்த அறைகளில் சிவப்பும் தெரிந்தது. அந்த அமைப்பில் தன்னார்வலராக இருந்த அபிகெய்ல் ஸ்பான்பெர்கர் 2025 நவம்பரில் வர்ஜீனியாவின் ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இடையில் பின்னடைவும் வந்தது. 2021இல் ஆளுநர் பதவியைப் பிடித்த குடியரசுக் கட்சியின் கிளென் யங்கின், இரு அவைகளும் நிறைவேற்றி அனுப்பிய துப்பாக்கி மசோதாக்களை 2024இல் முப்பது அளவுக்கு ஒரே நாளில் நிராகரித்தார். ஒருமுறை வென்றுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேறு எடுத்துக்காட்டு வேண்டாம்.

யாரால் வர முடிகிறது?

இன்னொரு கேள்வியை எந்தத் தரப்பும் போதிய அளவு கேட்பதில்லை. துப்பாக்கிக் கொலைகளின் பாரத்தை மிக அதிகமாகச் சுமப்பவை ரிச்மண்ட், பீட்டர்ஸ்பர்க் போன்ற நகரங்களின் ஏழைக் கறுப்பினக் குடியிருப்புகள். மணிக்கணக்கில் கூலி வாங்கும் தாய், வேலைநாள் காலை ஏழு மணிக்குத் துணைக்குழு முன்னால் எப்படி வந்து நிற்பார்? சட்டமன்றம் நடந்து போகும் தூரத்தில் இருந்தாலும், விடுப்பும் பேருந்தும் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளும் வேண்டுமே. மலைப்பகுதிக் கவுண்டியிலிருந்து ஏற்பாடு செய்த பேருந்தில் வருபவர், அந்தத் தாயைவிடச் சட்டமன்றத்துக்கு அருகில் இருக்கிறார். வந்து நிற்பவர்களுக்கே செவிசாய்க்கும் மன்றம், வர முடியாதவர்களை நிரந்தரமாகத் தோற்கடிக்கிறது.

எனவே மூன்று மாற்றங்கள் வேண்டும். முதலாவது, எந்த மாநிலச் சட்டமன்ற வளாகத்துக்குள்ளும் பார்வையாளர் ஆயுதத்தோடு வரக் கூடாது. வர்ஜீனியா 2021இல் இதைச் சட்டமாக்கியது. மற்ற மாநிலங்களும் செய்ய வேண்டும். துப்பாக்கி உரிமைக்காக வாதாடுபவர்களுக்கும் இதனால் இழப்பில்லை. அவர்களுடைய வாதம் வலுவானது என்றால் அதற்குத் துப்பாக்கியின் துணை தேவைப்படாது. இரண்டாவது, குழுக் கூட்டங்களின் நேரம் பல நாள் முன்பே அறிவிக்கப்பட வேண்டும். வர முடியாதவர்கள் வேலையிடத்திலிருந்தோ வீட்டிலிருந்தோ காணொலியில் சாட்சியம் சொல்லும் உரிமை எங்கும் நிரந்தரமாக வேண்டும். மூன்றாவதை எந்தச் சட்டமும் தர முடியாது. பின்னணிச் சோதனையை ஆதரிக்கும் அந்த எண்பது விழுக்காட்டினர், கணிப்பு நடத்துபவரிடம் ‘ஆம்’ என்று சொல்வதோடு தங்கள் கடமை முடிந்துவிட்டதாக நினைக்கக் கூடாது. தம் உறுப்பினரின் பெயர், அவர் இடம்பெற்றிருக்கும் குழு, அடுத்த கூட்டத்தின் தேதி ஆகிய மூன்றையும் ஆரஞ்சு ஸ்டிக்கர் ஒட்டியவர்கள் 1994இலிருந்து தெரிந்துவைத்திருக்கிறார்கள். அந்த உழைப்பைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. அதே உழைப்பைத் தாங்களும் ஆண்டு தவறாமல் கொடுத்தால்தான், பிள்ளைகளைப் பறிகொடுத்த அடுத்த பெற்றோர் ஒரு மசோதாவுக்காக 12 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிராது.