பட்டை ஏறாவிட்டால் வீடு
திருவனந்தபுரம்: ஆபீஸ் குமாஸ்தாவுக்குப் பிரமோஷன் தவறினாலும் ரிட்டயராகும் வயது வரை நாற்காலி உண்டு. இங்குள்ள பாங்கோடு ராணுவ முகாமில் அந்தக் கணக்கு செல்லாது. நாயக், ஹவில்தார், நாயப் சுபேதார், சுபேதார், சுபேதார் மேஜர் என்று ஏற ஏறத்தான் ஜவானின் பணிக்காலமும் நீளும். சீனியாரிட்டி மட்டும் போதாது. பரீட்சையும் தேற வேண்டும், காலியிடமும் வேண்டும். பட்டை கிடைக்காத சிப்பாய் நாற்பதையொட்டிய வயதிலேயே ஊர் திரும்புகிறார். ஆனால் 15 ஆண்டு முடித்திருந்தால் பென்ஷனாவது உண்டு.

2022-ல் வந்த அக்னிபத் திட்டம் அக்னிவீரருக்கு இந்த ஏணிக்கு வெளியே தனி ரேங்க் வைத்தது. நான்காண்டு முடிவில் நூற்றுக்கு 25 பேர் வரையே நிரந்தரம். மற்றவர்களுக்கு சேவாநிதித் தொகை உண்டு, பென்ஷன் இல்லை.

பிள்ளையை ஆள்சேர்ப்புக்கு அனுப்பும் நம்மவர்கள் சம்பளத்தோடு இந்தக் கணக்கையும் பார்ப்பது நல்லது.