சுமைதாங்கிக் கல் மேல் தண்ணீர் கேன்

மாசி மாதம் நடந்த சங்கதி இது. அப்போதே எழுதியிருக்கணும். கோபத்தில் எழுதினால் நாலு வார்த்தை தப்பாக விழுந்துவிடும்னு விட்டுவிட்டேன். இப்போது தணிந்திருக்கும் என்று நினைத்து உட்கார்ந்தேன். தணியவில்லை.

எங்கள் ஊர் ஜவ்வாது மலை அடிவாரம். மேலே இருக்கிற ஊருக்குத் தார் ரோடு சுற்றிக்கொண்டு போகும். ஒத்தையடிப் பாதை நேராக ஏறும். அதை எந்த சர்க்காரும் போடவில்லை. ஆளும் ஆடும் மாடும் நடந்து நடந்து விழுந்த தடம். அந்தப் பாதையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை 50 கிலோமீட்டர் ஓட்டப்பந்தயம் வைத்தார்கள். காட்டுப் பாதையில் ஓடினால் ட்ரெயில், மாரத்தானின் 42.195 கிலோமீட்டரைத் தாண்டினால் அல்ட்ரா என்று பெயராம். வந்தவர்களிடம் பேசிப் பார்த்தேன். பல பேருக்கு இது பந்தயமே இல்லை. இதைவிடப் பெரிதாக 100, 160 கிலோமீட்டர் ஓடப் போகிறார்களாம், அதற்கு இது பழக்கமாம்.

சென்னையில் வேலை பார்க்கும் என் அண்ணன் மகனும் அதில் ஒருத்தன். முதல் நாள் ராத்திரி எங்கள் வீட்டில்தான் தங்கினான். "சித்தப்பா, இது ரேஸே இல்ல, வெறும் ட்ரெயினிங். அஞ்சு வாரத்துல நூறு கிலோமீட்டர் இருக்கு, அதுக்காகத்தான்" என்றான். அவனுடைய கோச் எழுதிக் கொடுத்ததைப் போனில் காட்டினான். ஏற்றத்தில் நட. இறக்கத்தில் அடக்கி ஓடு. எதைத் தின்றால் வயிறு ஒத்துக்கொள்கிறது என்று பார். கடிகாரத்தைப் பார்க்காதே. படித்ததும் எனக்குப் பிடித்துப்போச்சு. புதுசாக ஏர் பழக்குகிற காளையை நாங்களும் இப்படித்தான் நடத்துவோம். முதல் நாளே ஆழ உழவிட மாட்டோம்.

மறுநாள் காலையில் நடந்ததைக் கேளுங்கள்.

பாதை அடிவாரத்தைத் தொடுகிற வளைவில் ஒரு சுமைதாங்கிக் கல் இருக்கிறது. பட்டணத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருக்கலாம், அதனால் சொல்கிறேன். ரெண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல்லைப் படுக்க வைத்திருப்பார்கள், தலை உயரத்துக்குக் கொஞ்சம் கீழே. சுமையோடு தனியாக வருகிறவர் குனியாமல் அதன்மேல் சுமையைத் தள்ளி இறக்கலாம், திரும்பத் தானே தலைக்கு ஏற்றிக்கொள்ளலாம். பிள்ளைத்தாய்ச்சியாக இறந்துபோன பெண்ணின் நினைவாக அந்தக் காலத்தில் நட்டுவைப்பார்கள். எங்கள் கல்லும் அப்படி நட்டதுதான்.

அந்தக் கல்லின் மேல் பந்தயக்காரர்கள் தண்ணீர் கேன், வாழைப்பழம், ஆரஞ்சுச் சுளை, கடலை மிட்டாய் எல்லாம் பரப்பி, பக்கத்தில் ஒரு பேனரும் கட்டியிருந்தார்கள். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

மாசி என்றால் மலையில் புளி உலுக்குகிற காலம். மேலூர் அக்கா ஒருத்தர், அறுபது வயசுக்கு மேல் இருக்கும், தலையில் புளி மூட்டையோடு இறங்கி வந்தார். இருபத்தஞ்சு கிலோவாவது இருக்கும். மண்டிக்காரர் வண்டி பத்து மணி வரைதான் நிற்கும். வளைவில் நின்ற பெண் கையை நீட்டி, "ரன்னர்ஸ் வராங்கம்மா, அஞ்சு நிமிஷம்" என்று நிறுத்திவிட்டது. பாதை ஒராள் அகலம், இறக்கம், மோதிக்கொண்டால் யார் பொறுப்பு என்று அதற்குப் பயம். கெட்ட பெண் இல்லை, அக்காவுக்குப் பிஸ்கட்கூட நீட்டியது. தலையில் மூட்டையை வைத்துக்கொண்டு அவர் எந்தக் கையால் வாங்குவார்? தரையில் இறக்கினால் திரும்பத் தூக்கிவிட ஆள் வேண்டும். கல்லிலோ தண்ணீர் கேன்.

ஐந்து நிமிஷம் நாற்பது நிமிஷம் ஆச்சு. நான் பாதியில்தான் போய்ச் சேர்ந்தேன். விடச் சொன்னேன். "ஐயா, கொஞ்சம் பொறுங்க" என்றார்கள். என் பாதையில் என் பேச்சு எடுபடவில்லை. அதற்குள் அண்ணன் மகன் வந்தான். அந்த அக்கா கையால் சின்ன வயசில் எத்தனை செங்காய்ப் புளி வாங்கித் தின்றிருக்கிறான்! அவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், அப்புறம் கடிகாரத்தைப் பார்த்தான். "வந்து பேசறேன் சித்தப்பா" என்று போய்விட்டான்.

கடைசியில் தலை நரைத்த ஓட்டக்காரர் ஒருத்தர் வந்து நின்றார். தமிழ் தட்டுத்தடுமாறித்தான் பேசினார். கேனைத் தூக்கித் தரையில் வைத்தார். மூட்டையைக் கல்லில் இறக்க ஒரு கை கொடுத்தார். அக்கா மூச்சு வாங்கி முடிக்கும் வரை நின்றார். அப்புறம் "அவங்க முன்னாடி போகட்டும், நான் பின்னாடி நடந்தே வர்றேன்" என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டு, வளைவு முடியும்வரை சுமைக்குப் பின்னாலேயே நடந்தார். மஞ்சள் பனியனில் நம்பர் குத்தியவர் சொன்னதால் வழி திறந்தது.

வண்டி போயிருந்தது. மூட்டை புதன்கிழமை வரை என் திண்ணையில் கிடந்தது. அக்கா அதற்காக இன்னொரு நடை இறங்கி வந்தார். "காசு குடுத்தா ஓடுறாங்க?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

இப்போது கேட்கிறேன், அன்றைக்குப் பழகியது யார்? நூறு கிலோமீட்டரில் நடுராத்திரி வயிறு புரட்டும், கால் கொப்பளிக்கும், நின்றால் தொடை விறைக்கும். நிற்கிறது, பொறுக்கிறது, விறைத்த காலோடு மறுபடி கிளம்புகிறது, இதுதானே அங்கே வேண்டும்? அதை அந்தக் கல்லடியில் இலவசமாகப் பழகிக்கொண்டு போனவர் அந்த நரைத்தலைக்காரர். எங்கள் பிள்ளை வாங்கிக்கொண்டு போனது ஒரு நேரம் மட்டும்.

அதற்குக் கொடுத்த விலையையும் சொல்கிறேன். இறக்கத்தில் விழுந்தடித்து ஓடினான். இறங்கும்போது உடம்பைப் பிடித்து நிறுத்துகிற தொடைச் சதை, இழுபட்டுக்கொண்டே வேலை செய்யும். சதை அதிகம் கிழிகிறது அங்கேதான். போதாததுக்கு வெயிலில் தண்ணீரும் சரியாகக் குடிக்காமல் வலி மாத்திரை போட்டிருக்கிறான். சாயங்காலம் ஒண்ணுக்குப் போனது கடுந்தேத்தண்ணி நிறத்தில் இருந்ததாக என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னான். ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். சிதைந்த சதையின் கழிவு ரத்தத்தில் கலந்து கிட்னிக்குப் போயிருக்கு, மாத்திரை அதை இன்னும் கெடுக்கும் என்றார்கள். ராத்திரி முழுக்க பாட்டில் ஏற்றி அனுப்பினார்கள். பங்குனியில் அந்த நூறுக்குப் போனான். அறுபதைத் தாண்டி ஒரு பாறையில் உட்கார்ந்தவன் எழவில்லை. வீண் வீம்பு. கோச் எழுதிக் கொடுத்த தாளிலேயே எல்லாம் இருந்ததே!

இதைச் சொன்னால் வாட்ஸப்பில் கிளிஃப் யங் கதையை அனுப்புகிறார்கள். ஆஸ்திரேலியாவில் உருளைக்கிழங்கு போட்ட விவசாயி. 1983இல் 61 வயசில் சிட்னியிலிருந்து மெல்போர்ன் வரை 875 கிலோமீட்டரை ஐந்து நாள் பதினைந்து மணி நேரத்தில் ஓடி ஜெயித்தார். "பார்த்தீங்களா, விவசாயிக்குப் பயிற்சியே வேண்டாம், உங்க உடம்பே அப்படி" என்று எனக்குப் பாராட்டு வேறு. பாதிக் கதை ஐயா அது. அதற்கு முந்தின வருஷம் ஆயிரம் மைல் ஓடிச் சாதனை செய்ய மாசக்கணக்கில் பழகினார். 805 கிலோமீட்டரில் முடியாமல் நிறுத்தினார். தோற்ற அந்த ஓட்டம்தான் அவருக்குப் பெரிய பழக்கம். பரிசுப் பணத்தைக்கூட வந்தவங்க எல்லாருக்கும் பங்கு போட்டார், அதை யாரும் ஃபார்வேர்ட் பண்ணுவதில்லை. எங்கள் உடம்பும் இரும்பு இல்லை. அந்த அக்கா நாற்பது நிமிஷம் நின்றதில் கழுத்து பிடித்து ரெண்டு நாள் திரும்ப முடியவில்லை.

"வனத்துறை அனுமதி வாங்கித்தான் நடத்தினோம்" என்கிறார்கள். வாங்கியிருப்பீர்கள். காட்டுச் சிறுபொருள் சேகரிக்கவும் விற்கவும் மலைமக்களுக்கு 2006 வன உரிமைச் சட்டமே உரிமை கொடுத்திருக்கிறது. அதைத் தூக்கிக்கொண்டு இறங்க இன்னொரு அனுமதி வேண்டுமா? "ஊருக்கு வருமானம்" என்கிறார்கள். டீக்கடைக்கும் நாலு ஆட்டோவுக்கும் வந்தது, இல்லை என்று சொல்லவில்லை. புளி மூட்டைக்கு வரவில்லை. "ஒரு நாள்தானே" என்பவர்களுக்கு, மண்டி வண்டியும் வாரத்தில் ரெண்டு நாள்தான்.

அண்ணன் மகனே ஒரு சங்கதி சொன்னான். அமெரிக்காவில் 160 கிலோமீட்டர் மலை ஓட்டத்துக்கு ஆரம்பம் ஒரு குதிரைப் பந்தயமாம். 1974இல் கோர்டி ஐன்ஸ்லி என்பவர் குதிரை இல்லாமல் குதிரைகளோடு தானும் ஓடி ஒரு நாளுக்குள் முடித்தாராம். அவருக்காக யாரும் குதிரைகளை ஓரம் கட்டவில்லை. எங்கள் பாதையிலும் முறை உண்டு. ஏறுகிறவனுக்கு இறங்குகிறவன் ஒதுங்கணும், சுமைக்கு எல்லாரும் ஒதுங்கணும். ஒதுங்கி நிற்கிற ரெண்டு நிமிஷம் உங்கள் கணக்கில் ஏறட்டும். அது பழக்கம் என்றால் ஏறினால் என்ன நஷ்டம்?

அடுத்த வருஷமும் வருகிறார்களாம், ஊரில் பேசச் சொல்லி ஆள் வந்தது. வரட்டும், ஓடட்டும், வீட்டுத் திண்ணையில் படுக்க இடமும் தருகிறேன். காலையில் உப்புப் போட்ட கம்பங்கூழும் உண்டு. ஆனால் பாதையை அடைக்கக் கூடாது, கல்லைத் தொடக் கூடாது. போகும்போது மரத்தில் கட்டின ரிப்பனை அவிழ்த்துக்கொண்டு போகணும், ஆடு தின்னுகிறது. நாளையும் மேலூரில் கேட்டுவிட்டு வைக்கட்டும். மாசி மட்டும் வேண்டாம், புளி இருக்கு.