ஒரு யூனிட் என்பது எவ்வளவு?

“இன்சுலின், 1 யூனிட், காலை, மாலை.” மருத்துவர் தரும் சீட்டில் இவ்வளவு மட்டும் எழுதப்பட்டிருந்தால், அது பொருள் முற்றுப்பெற்ற வாக்கியமா? முதுகலையில் மொழியியல் படித்த பழக்கத்தால் மட்டும் இதைக் கேட்கவில்லை. கடந்த ஏழு மாதங்களாக, நீரிழிவு கண்ட ஒரு பூனைக்கு நாள்தோறும் இருமுறை இன்சுலின் செலுத்திவருகிறவள் என்ற முறையில் கேட்கிறேன். அது முற்றுப்பெறாத வாக்கியம் என்பதே என் துணிபு. விடுபட்ட சொற்களை ஊகித்துக்கொள்ளும் பொறுப்பு மருந்துக்கடைக்காரர் மீதும் பூனையை வளர்ப்பவர் மீதும் விழுகிறது. ஊகம் பிழைத்தால் போவது பூனையின் உயிர்.

ஆய்வுக்காக ஹைதராபாத்தில் தங்கியிருக்கும் என்னோடு வாழும் அந்தப் பூனையின் பெயர் மிளகு. ஒன்பது வயது, கருத்தடை செய்த ஆண், ஆறு கிலோவுக்கு மேல் எடை, வீட்டை விட்டு வெளியேறாத வாழ்க்கை. பூனைகளுக்கு நீரிழிவு வருவதற்குச் சாதகமானவை எனச் சொல்லப்படும் அனைத்தும் அவனிடம் ஏற்கெனவே இருந்தன. தண்ணீர்க் கிண்ணம் ஒரே நாளில் இருமுறை காலியாகத் தொடங்கியது. மணல் தட்டில் சிறுநீர்க் கட்டிகள் பெருத்தன. வயிறாரத் தின்றும் முதுகெலும்பு கைக்குத் தட்டுப்பட்டது. பின்னங்கால்களின் கணுவரை தரையில் பதித்து நடந்தான். நரம்புகள் பாதிக்கப்பட்டதன் அடையாளம் அது. ‘நீரிழிவு’ என்று நம்மவர்கள் இட்ட பெயரின் கூர்மையை அப்போது எண்ணி வியந்தேன். சர்க்கரையை எவரும் கண்ணால் காண்பதில்லை. நீர் இழிவதைத்தான் காண்கிறோம். கிரேக்கத்திலிருந்து வந்த ‘டயாபடீஸ்’ என்ற சொல்லுக்கும் ஊடே கடந்து செல்வது என்பதே அடிப்படைப் பொருள்.

முதலில் பார்த்த மருத்துவர் சிகிச்சையே வேண்டாம் என்றார். நாளுக்கு இரண்டு ஊசி, பன்னிரண்டு மணி நேர இடைவெளி, ஒருவேளை ஆயுள் முழுவதும். தனியாக இருக்கும் ஆய்வு மாணவியால் இயலாது, நிம்மதியாக உறங்கச் செய்துவிடலாம் என்பது அவர் கருத்து. இரண்டாமவர் அக்கறையுள்ளவர். ஊசி போடும் முறையைப் பொறுமையாகக் காட்டினார். கழுத்துக்குப் பின்னும் விலாவிலும் தளர்ந்த தோலைக் கூடாரம் போலத் தூக்கி, அதனடியில் செலுத்த வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அவர் எழுதித் தந்த சீட்டிலும் மேலே சொன்ன அதே வாக்கியம்தான் இருந்தது.

அதில் விடுபட்டது என்ன? யூனிட் என்பது கன அளவு அன்று. அது இன்சுலினின் செயல்திறனைக் குறிக்கும் அலகு. ஒரு மில்லி லிட்டரில் எத்தனை யூனிட் இருக்கிறது என்பது மருந்துக்கு மருந்து மாறும். இந்தியாவில் இரண்டு செறிவுகள் அருகருகே புழங்குகின்றன. மனிதர்களுக்காகக் குப்பியில் வரும் இன்சுலினில் பெரும்பகுதி மி.லி.க்கு 40 யூனிட் கொண்டது. இன்சுலின் பேனாவில் பொருத்தும் குழல்களும், பூனைகளுக்கு இப்போது பலரும் பரிந்துரைக்கும் கிளார்ஜின் போன்ற நீண்ட நேரம் வேலைசெய்யும் வகைகளும் பெரும்பாலும் மி.லி.க்கு 100 யூனிட் கொண்டவை. சிரிஞ்சும் அதற்கேற்ப இருவகை: 40-க்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி.

சிரிஞ்சின் மேல் ‘1’ என்று போட்டிருக்கும் கோடு, உண்மையில் ஒரு யூனிட்டைக் காட்டுவதில்லை. ‘நான் எந்தக் குப்பிக்காகச் செய்யப்பட்டேனோ அந்தக் குப்பியிலிருந்து எடுத்தால் இது ஒரு யூனிட்’ என்று மட்டுமே அது சொல்கிறது. நம் இலக்கணத்தில் சுட்டு என்று ஒன்று உண்டு. ‘இங்கே’ என்ற சொல்லுக்குப் பேசுபவர் நிற்கும் இடம் தெரியாமல் பொருள் கிடையாது. சிரிஞ்சின் கோடும் அத்தகைய சுட்டுத்தான். 100 செறிவுள்ள இன்சுலினைச் சிவப்பு மூடிச் சிரிஞ்சில் ‘1’ வரை இழுத்தால் உள்ளே வருவது இரண்டரை யூனிட். 40 செறிவுள்ளதை ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சில் ‘1’ வரை இழுத்தால் வருவது 0.4 யூனிட். முதலாவது பூனையை வலிப்புக்கும் மரணத்துக்கும் இட்டுச்செல்லலாம். இரண்டாவதில் மருந்து வேலைசெய்யவில்லை என்று எண்ணி, அளவை ஏற்றிக்கொண்டே போவோம். பின்னொரு நாள் எவரேனும் சரியான சிரிஞ்சைக் கொடுத்துவிட்டால் அன்றுதான் ஆபத்து.

இது மனிதருக்கும் உள்ள இடர்தானே, பூனைக்கு மட்டும் என்ன தனிச்சிறப்பு என்று கேட்கலாம். வேறுபாடு விளிம்பில் இருக்கிறது. நாளுக்கு முப்பது யூனிட் போட்டுக்கொள்ளும் மனிதருக்கு ஒரு யூனிட் கூடுவதும் குறைவதும் பொருட்டன்று. பூனைக்குத் தொடக்க அளவே வேளைக்கு ஒரு யூனிட் அளவில்தான். அங்கே ஒரு யூனிட் கூடினால் இருமடங்கு. ஒரு மில்லி லிட்டரை ஏறத்தாழ இருபது சொட்டு என்று கொண்டால், 100 செறிவில் ஒரு யூனிட் என்பது ஒரு சொட்டில் ஐந்தில் ஒரு பங்கு. ஊசி முனையில் தங்கிவிடும் நீர்க்குமிழியே அளவை மாற்றிவிடும். இதனால்தான் அரை யூனிட் கோடுகள் போட்ட 0.3 மி.லி. சிரிஞ்சைத் தேடி நான் ஏழு கடைகள் ஏறி இறங்கினேன். நீர் கலந்து எளிதாக அளக்கலாமே என்று ஒரு கடைக்காரர் யோசனை சொன்னார். கிளார்ஜினில் அது கூடவே கூடாது. அது அமிலத்தன்மையுள்ள கரைசல். தோலுக்கடியில் சென்றதும் நுண்துகள்களாகப் படிந்து மெல்லக் கரைவதே அதன் வேலைமுறை. நீர் சேர்த்தால் அந்த ஒழுங்கு குலையும்.

எங்கள் மாடியில் குடியிருக்கும் அம்மா, கணவருக்குப் பத்து ஆண்டுகளாக இன்சுலின் போடுகிறவர். சிவப்பு, ஆரஞ்சு என்ற பேச்சை எடுத்ததும் அவர் முகம் மாறியது. கணவர் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியபோது மருந்தை மாற்றிப் பேனாவுக்கான குழலைக் கொடுத்தார்களாம். பேனா வாங்கப் பணமில்லாமல் அதிலிருந்து பழைய சிவப்பு மூடிச் சிரிஞ்சில் இழுத்துப் போட்டு, இரவு இரண்டு மணிக்கு வியர்த்துக் கொட்டி மயங்கியவரைச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து எழுப்பியிருக்கிறார்கள். எதனால் அப்படி நேர்ந்தது என்று அதன்பின் அவர்களுக்கு எவரும் விளக்கவில்லை. பெரிய உடல் தாங்கிக்கொண்டதால் ஒரு நாள் கலவரத்தோடு மறைந்துபோன பிழை அது. சிறிய உடல் அதை மறைத்துக் கொடுப்பதில்லை.

அடுத்தது, வீட்டிலேயே சர்க்கரை அளப்பது. இதில் என் கருத்து பல கால்நடை மருத்துவர்களுக்கு உவப்பாக இராது. பூனையைக் கூடையில் அடைத்து, ஆட்டோவில் ஏற்றி, நாய்கள் குரைக்கும் காத்திருப்பு அறையில் அரை மணி உட்கார்த்திய பின் எடுக்கும் இரத்தத்தில் சர்க்கரை ஏறித்தான் இருக்கும். அச்சத்தால் மட்டுமே பூனைகளுக்கு அது 300-ஐத் தாண்டுவதுண்டு. அந்த எண்ணை மட்டும் நம்பி இன்சுலினை ஏற்றுவது, தேர்வு மண்டபத்தில் நடுங்கும் மாணவரின் நாடித்துடிப்பைப் பார்த்து இதயநோய் என்பதற்கு ஒப்பாகும். இரண்டு மூன்று வாரச் சராசரியைக் காட்டும் ஃபுரக்டோசமின் சோதனை இந்தக் குழப்பத்தைப் பெருமளவு தீர்க்கும்; ஆயினும் ஒரு நாளுக்குள் சர்க்கரை எங்கே இறங்கி எங்கே ஏறியது என்பதை அதுவும் சொல்லாது. வீட்டில், தன் போர்வையில் படுத்திருக்கும் பூனையின் காது விளிம்பை வெதுவெதுப்பான துணியால் சூடாக்கி, ஒரு துளி எடுத்து, சாதாரண குளுக்கோமீட்டரில் வைத்தால் போதும். மிளகு இப்போது அளவு எடுக்கும்போது உறுமுவதில்லை. முடிந்ததும் கோழி ஈரல் வரும் என்பது அவனுக்குத் தெரியும். மனிதருக்கான மீட்டர் பூனை இரத்தத்தில் உண்மையைவிடச் சற்றுக் குறைத்தே காட்டும் என்பதால், எந்த மீட்டர் என்பதை மருத்துவருக்குச் சொல்லிவிட்டு அதையே தொடர வேண்டும்.

வளர்ப்பவர் கையில் மீட்டரைக் கொடுத்தால் அவர் தாமே அளவைக் கூட்டிக் குறைத்துவிடுவார் என்பது மருத்துவர்கள் சொல்லும் மறுப்பு. இதை நான் அலட்சியப்படுத்தவில்லை. அப்படிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் மீட்டர் இல்லாதவர்களும் கூட்டிக் குறைக்கத்தான் செய்கிறார்கள், கண்ணைக் கட்டிக்கொண்டு. தடுக்க வேண்டியது அளப்பதை அன்று. ஒற்றை எண்ணை வைத்து முடிவெடுப்பதை. காலையில் 340 என்று காட்டினால் அதற்குப் பொருள் பலவாகலாம்: இன்சுலின் போதவில்லை, இரவு ஊசி தோலுக்குள் போகாமல் மயிரில் வழிந்தது, அல்லது நள்ளிரவில் சர்க்கரை மிகத் தாழ்ந்து உடல் அதை எதிர்த்து உயர்த்தியது. ஊசிக்குப் பின் இரண்டு மணிக்கொருமுறை பன்னிரண்டு மணி நேரம் எடுக்கும் வரிசைதான் இவற்றைப் பிரித்துக் காட்டும். அதிலும் முதன்மையானது மிகத் தாழ்ந்த புள்ளி. அளவை மாற்றுவதானால் கால் அல்லது அரை யூனிட், அதுவும் சில நாட்கள் பொறுத்து, மருத்துவரோடு பேசிய பின்.

உணவைப் பற்றி இரண்டு வரியேனும் சொல்ல வேண்டும். பூனை ஊனுண்ணி; மாவுச்சத்து மிகுந்த உலர் தீனியும் நம் வீடுகளில் வழக்கமான மீன்சோறும் பால்சோறும் நீரிழிவு கண்ட பூனைக்கு உகந்தவை அல்ல. மாவுச்சத்தைக் குறைத்து, இன்சுலினையும் காலந்தாழ்த்தாமல் தொடங்கினால், சில பூனைகள் மாதங்களில் இன்சுலினே வேண்டாத நிலையை எட்டுகின்றன. ஆனால் நல்லெண்ணத்தோடு ஒரே நாளில் தீனியை மாற்றிவிட்டு, பழைய அளவு இன்சுலினையே போடுகிறவர்கள் பூனையைக் குழியில் தள்ளுகிறார்கள். உணவு மாறினால் தேவைப்படும் இன்சுலினும் குறையும். எந்தச் சீட்டிலும் இதை எழுதியிருக்க நான் கண்டதில்லை.

தாழ்சர்க்கரை பற்றியும் அப்படித்தான். ஊசி போட்டோமா இல்லையா என்று ஐயம் வந்தால் மீண்டும் போடக் கூடாது. ஒரு வேளை தவறுவதைப் பூனை தாங்கும், இருமுறை விழுவதைத் தாங்காது. தள்ளாடினால், துவண்டால், ஈறில் தேனையோ குளுக்கோஸ் கரைசலையோ விரலால் தடவ வேண்டும். வலிப்பில் இருக்கும் பூனையின் வாய்க்குள் எதையும் ஊற்றக் கூடாது. பிறகு உடனே மருத்துவமனை. தின்ன மறுத்தால் வழக்கமான அளவைப் போடும் முன் மருத்துவரை அழைக்க வேண்டும். மொத்தம் ஐந்தாறு வாக்கியங்கள். இவற்றை அச்சடித்துக் கையில் கொடுப்பதற்கு என்ன செலவாகிவிடும்?

துறையில் உடன் ஆய்வு செய்யும் நண்பர் ஒருவர் என்னைக் கேட்ட கேள்வி வேறு வகை. இன்சுலின் வாங்க வழியில்லாத குழந்தைகள் இருக்கும் நாட்டில், பூனைக்கு இன்சுலினா? எளிதில் தள்ளிவிடக்கூடிய கேள்வி அன்று இது. உதவித்தொகை மாதக்கணக்கில் வராதபோது நானே என்னைக் கேட்டிருக்கிறேன். மிளகுக்கு ஆகும் இன்சுலின் மிகச் சொற்பம், ஒரு குப்பியில் பாதிக்கு மேல் காலாவதியாகி வீணாகிறது என்று கணக்குச் சொல்லித் தப்பிக்கலாம். நான் சொல்வது வேறு. 1921-இல் டொராண்டோவில் நாய்களின் கணையத்திலிருந்து தொடங்கியது இந்த மருந்தின் கதை. ஒரு யூனிட் என்பது முதலில் வரையறுக்கப்பட்டதே, பட்டினி போட்ட முயலின் சர்க்கரையை வலிப்பு வரும் அளவுக்குத் தாழ்த்தத் தேவையான மருந்து என்றுதான். 1982-இல் மரபணுமுறை இன்சுலின் விற்பனைக்கு ஒப்புதல் பெறும்வரை, அறுபது ஆண்டுகள் மாட்டின் கணையமும் பன்றியின் கணையமுமே மனிதரைக் காத்தன. பூனை இன்சுலினுக்கும் மாட்டு இன்சுலினுக்கும் இடையே ஒரே ஓர் அமினோ அமிலம்தான் வேறுபாடு. மனிதருடையதோடு ஒப்பிட்டால் நான்கு. இதனால் குழந்தைகளின் கேள்விக்கு விடை கிடைத்துவிடவில்லை, அறிவேன். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்கவேண்டிய இடம் பூனையின் கிண்ணத்தருகே அன்று. மருந்தின் விலையும் விநியோகமும் தீர்மானிக்கப்படும் இடத்தில்.

என் கோரிக்கை சிறியது. விலங்குக்காயினும் மனிதருக்காயினும், இன்சுலின் சீட்டில் மருந்தின் பெயர், மி.லி.க்கு எத்தனை யூனிட் என்ற செறிவு, சிரிஞ்சின் வகையும் மூடியின் நிறமும், அளவு ஆகிய நான்கும் சேர்ந்தே எழுதப்பட வேண்டும். அளவை ஒருபோதும் மி.லி.யில் எழுதக் கூடாது. சீட்டு, ஊசி போடுகிறவர் படிக்கும் மொழியில் இருக்க வேண்டும். இது கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் கற்பிக்கக்கூடிய செய்திதான். ஒரு மணி நேர வகுப்பு போதும்.

அடுத்த மாதம் பன்னிரண்டு நாள் களப்பணிக்கு அடிலாபாத் பக்கம் செல்கிறேன். ஊசி போடும் பொறுப்பை மாடி வீட்டு அம்மா ஏற்றுக்கொண்டிருக்கிறார். அவருக்காக எல்லாவற்றையும் தெலுங்கில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு, செறிவு என்பதற்கு நான் போட்டிருந்த சொல்லை அடித்துவிட்டார். அதற்கு மேலே, “ஆரஞ்சு மூடி மட்டும்; எங்கள் வீட்டுச் சிவப்பு மூடி பக்கமே போகாதே” என்று தம் கையால் எழுதி, குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினார். தாளின் நகல் ஒன்றைத் தம் வீட்டுக்கும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார், நிறங்களை மட்டும் மாற்றி.