நத்தார் காலுறையும் விலைக்கு விற்கப்படும் நினைவுகளும்



திருவருகைக் காலம் பிறந்தவுடன் இலண்டன் கடைகளில் ஒரு தனி அடுக்கும் பிறந்துவிடுகிறது. ‘ஸ்ரொக்கிங் ஃபில்லர்’ என்று அதன்மேல் எழுதியிருக்கும். காலுறை நிரப்பி என்று தமிழில் சொல்லலாம். 5 பவுண், 10 பவுண் விலையில், நத்தார் காலையில் பிள்ளைகள் பிரித்துப் பார்த்து மதிய உணவுக்குள் மறந்துவிடும் சிறு பொருள்கள் அவை. அண்மைக் காலமாக அவற்றுள் முன்வரிசை பிடித்திருப்பவை பழைய கருவிகளின் போலிகள்: சாவிக்கொத்தில் தொங்குமளவுக்குச் சுருக்கப்பட்ட விளையாட்டுப் பெட்டி, கசெற் வடிவில் செய்த ஒலிபெருக்கி, அலைவரிசை தேட முடியாத குமிழ் பூட்டிய ‘பழைய’ வானொலி. நம் பங்குக் குடும்பங்களின் வட்ஸ்அப் குழுக்களிலும் இவற்றின் படங்கள் “எங்கள் காலம்!” என்ற பெருமூச்சோடு உலா வருகின்றன.

இந்த வழக்கம் நம் இல்லங்களுக்கு வேண்டாம் என்று சொல்லவே எழுதுகிறேன். மாற்றுக் கருத்து உடையவர்கள் ஞாயிறு திருப்பலி முடிந்தபின் தேநீர் வேளையில் வந்து தாராளமாக வாதிடலாம்.

முதலில் அந்தப் பெயரைக் கவனியுங்கள். ஒரு பிள்ளையின் முகத்தை நினைத்து, அதற்கு எது மகிழ்ச்சி தரும், எது தேவை என்று எண்ணித் தேடுவது பரிசு. காலுறையில் இன்னும் எவ்வளவு இடம் மிச்சமிருக்கிறது என்று பார்த்து வாங்குவது நிரப்பி. முன்னதில் பிள்ளை இருக்கிறது. பின்னதில் வெறும் துணிப்பை இருக்கிறது. வணிகர்கள் ஒளிவுமறைவு இல்லாமல் உண்மையான பெயரையே சூட்டியிருக்கிறார்கள். நாம்தான் அதைப் பரிசு என்று அழைத்துக்கொள்கிறோம்.

இவ்வழக்கத்தின் வேரில் நிற்பவர் நம் புனிதர் ஒருவர். 4ஆம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியின் தென்கரையிலிருந்த மீரா நகரின் ஆயர் நிக்கொலாஸ். அவரது திருநாள் டிசெம்பர் 6. வறுமையில் வீழ்ந்த தந்தை ஒருவர், சீதனம் கொடுக்க வழியின்றித் தம் மூன்று பெண்பிள்ளைகளையும் இழிதொழிலுக்கு விடும் நிலைக்கு வந்தார் என்றும், ஆயர் இரவில் சாளரத்தின் வழியே பொன் முடிச்சுகளை எறிந்து அவர்களைக் காத்தார் என்றும் மரபு கூறுகிறது. அந்தப் பொன், காய்வதற்காகத் தொங்கவிட்டிருந்த காலுறையில் விழுந்தது என்பது பிற்காலச் சேர்க்கை. 1823ஆம் ஆண்டு டிசெம்பரில் அமெரிக்காவின் ட்ரோய் நகரச் செய்தித்தாள் ஒன்றில் வெளிவந்த புகழ்பெற்ற கவிதையில் காலுறைகள் கணப்படுப்பின் அருகே தொங்கின. அந்த நூற்றாண்டிலேயே வழக்கம் எங்கும் பரவியது.

சீதனத்தால் கண்ணீர் வடித்த குடும்பங்களை அறிந்த நமக்கு இக்கதையின் கனம் புரியும். புனிதர் கொடுத்தது ஒரு குறிப்பிட்ட வீட்டின் குறிப்பிட்ட துயரத்தை அறிந்து கொடுத்தது. அது மூன்று உயிர்களின் வாழ்வைத் திருப்பிவிடப் போதுமானதாக இருந்தது. கொடுத்தவர் தம்மை மறைத்துக்கொண்டார். நம் காலுறை நிரப்பிகளிலோ துயரை அறிதலும் இல்லை, போதுமான உதவியும் இல்லை; மறைவோ அறவே இல்லை. பொதி பிரிக்கும் காட்சி அடுத்த நிமிடமே முகநூலில் ஏறிவிடுகிறது.

இனிப் பழைய கருவிகளின்மீது கொண்ட ஏக்கத்துக்கு வருவோம். அதைக் குறிக்கும் மேலைநாட்டுச் சொல் முதலில் ஒரு நோயின் பெயர். 1688இல் பாசல் நகரில் யொஹான்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர், அயல்நாட்டில் வாழ்ந்த சுவிஸ் மக்கள் வீட்டு நினைவால் நலிந்து வாடுவதைக் கண்டு, ‘வீடு திரும்புதல்’, ‘வலி’ என்னும் பொருளுடைய இரு கிரேக்கச் சொற்களை இணைத்து அதைப் படைத்தார். அந்நோயை நம்மைவிட நன்கு அறிந்த சமூகம் எது?

மருத்துவர் நோயாகக் கண்டதை வணிகர் சந்தையாகக் கண்டார். 1979இல் வந்த வோக்மன், 1989இல் வந்த கேம் போய், 1996இல் வந்த தமகொச்சி ஆகிய மூன்றின் உருவங்களும் இன்று பொம்மைகளாகத் திரும்பி வருகின்றன. 2000ஆம் ஆண்டின் நொக்கியா 3310 கைத்தொலைபேசி 2017இல் புதுக்கோலம் பூண்டு மீண்டும் விற்பனைக்கு வந்தது. காலுறை பிள்ளையுடையது, ஆனால் கைநீட்டி வாங்குவது நாற்பது, ஐம்பது வயதுத் தந்தையின் ஏக்கம். பத்து வயதுப் பிள்ளைக்குத் தமகொச்சியின் நினைவு எங்கிருந்து வரும்?

அதிலும் நான் கேட்க விரும்பும் கேள்வி வேறு. அந்தப் பழைய காலம் உண்மையில் யாருடையது? இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது சொந்த நினைவாக இருக்கலாம். ஆனால் 1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் சிறுவர்களாக இருந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையால் பற்றரி கிடைக்காது. ஜாம் போத்தலில் திரியிட்டுப் படித்தோர் நீங்கள். துவிச்சக்கரவண்டியைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் கையால் மிதியைச் சுழற்ற, டைனமோ தந்த மின்சாரத்தில் செய்தி கேட்டோர் நீங்கள். மணிலாவிலிருந்து வந்த வேரித்தாஸ் தமிழ் ஒலிபரப்புக்காக அயலவர் எல்லாம் ஒரே வானொலியைச் சுற்றி நின்றார்கள். கடல் கடந்து போன பிள்ளைக்கு அம்மா கசெற்றில் பேசி அனுப்பினார். பின்னால் நாய் குரைப்பதும் காகம் கரைவதும்கூட அதில் பதிவாகி வந்தன.

இதுவே உங்கள் பழைய கருவிகளின் வரலாறு. கடையில் 10 பவுணுக்குக் கிடைக்கும் கசெற் பொம்மையில் அம்மாவின் குரல் இல்லை. பிறருடைய இளமையை இரவல் வாங்கி ஏங்குகிறோம். நம்முடையதைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமலே விடுகிறோம்.

எண்ணிக்கை நூலின் 11ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். பாலைநிலத்தில் இஸ்ரயேல் மக்கள் எகிப்தின் மீனையும் வெள்ளரிக்காயையும் வெங்காயத்தையும் நினைத்து அழுதார்கள். செங்கல் சூளையையும் சாட்டையடியையும் மட்டும் மறந்துவிட்டார்கள். ஏக்கம் செய்யும் வேலை இதுதான்: ருசியை வைத்துக்கொண்டு துன்பத்தைக் கழித்துவிடும். திருச்சபை கற்பிக்கும் நினைவு வேறு வகையானது. திருப்பலியில் நாம் ஆண்டவரை நினைவுகூரும்போது சிலுவையையும் உயிர்ப்பையும் சேர்த்தே நினைவுகூர்கிறோம். அந்நினைவு நம்மை இன்றைய அயலவரிடம் அனுப்புகிறது.

பொருள்களின் பின்னாலிருக்கும் விலையையும் எண்ணுங்கள். 2022இல் மட்டும் உலகில் 6 கோடியே 20 இலட்சம் தொன் மின்னணுக் கழிவு சேர்ந்தது எனவும், முறைப்படி சேகரித்து மீள்சுழற்சி செய்யப்பட்டது அதில் 22.3 விழுக்காடே எனவும் ஐக்கிய நாடுகள் அமைப்புகளின் அறிக்கை கூறுகிறது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட ‘லௌதாத்தோ சி’ சுற்றுமடல் எறிந்துவிடும் பண்பாட்டைக் கண்டித்தபோது, அது எங்கோ உள்ள ஆலைகளுக்கு மட்டும் எழுதப்பட்டது என்று நாம் நினைத்துக்கொண்டோமா?

பெற்றோருக்கு இன்னொரு எச்சரிக்கை. இச்சிறு கருவிகள் பலவற்றில் இருப்பவை பொத்தான் பற்றரிகள். சிறுபிள்ளை அதை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால், இரண்டு மணி நேரத்துக்குள் கடும் புண்ணை உண்டாக்கக்கூடும்; உயிரையும் பறிக்கக்கூடும். விளையாட்டுப் பொருள்களில் பற்றரி அறை திருகாணியால் பூட்டப்பட வேண்டும். அலங்காரப் பொருள் என்ற பெயரில் வரும் மலிவுச் சரக்கில் அந்தப் பாதுகாப்பு இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள்.

“சுவாமி, ஐந்து பத்துப் பவுண்தானே?” என்பீர்கள். மூன்று பிள்ளைகள், ஆளுக்கு ஆறு பொருள்கள், பொருளுக்கு 5 பவுண் என்றால் 90 பவுண். குளிருக்கு வெப்பமூட்டியைப் போடத் தயங்கும் முதியவர்கள் இப்பங்கின் எல்லைக்குள்ளேயே இருக்கிறார்கள். “பள்ளியில் மற்றப் பிள்ளைகள் கேட்டால் எங்கள் பிள்ளை குறுகிப்போகாதா?” என்பீர்கள். சொல்வதற்கு ஒரு கதை இருக்கும் பிள்ளை குறுகிப்போவதில்லை. கதையில்லாத பிள்ளையே பொருள்களை எண்ணிக் காட்டவேண்டியிருக்கிறது.

காலுறையைத் தொங்கவிட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தொங்கவிடுங்கள். அதில் ஒரு தோடம்பழம் வையுங்கள். புனிதர் எறிந்த பொன்னின் அடையாளமாக அதை வைப்பது இந்நாட்டிலும் பழைய மரபே. பிள்ளைக்கு உண்மையில் தேவையான ஒரு பொருளை வையுங்கள். உங்கள் வீட்டு இழுப்பறையில் தூங்கும் பழைய கைத்தொலைபேசியையோ ஒளிப்படக் கருவியையோ எடுத்துப் பாருங்கள். 2009இல் அம்ஸ்ரடாமில் தொடங்கிய ‘றிப்பெயர் கஃபே’ முறையில், தன்னார்வலர்கள் பழுதுபார்க்க உதவும் கூடங்கள் இந்நாட்டிலும் பல ஊர்களில் இயங்குகின்றன. பிள்ளையையும் அழைத்துச் செல்லுங்கள். அம்மம்மாவின் குரல் பதிந்த கசெற் இருந்தால், நாடா முற்றிலும் கெடுமுன் அதைக் கணினிக்கு மாற்றி, நத்தார் இரவில் அனைவரும் கூடியிருந்து கேளுங்கள். தீர்ந்த பற்றரிகளைக் குப்பையில் எறியாதீர்கள். அவற்றை மிகுதியாக விற்கும் கடைகள் திரும்பப் பெற்றுக்கொள்ளச் சட்டப்படி கடமைப்பட்டவை.

மிச்சமாகும் பணத்தைப் புனித வின்சென்ட் டி பவுல் சபையின் பெட்டியில், பெயர் எழுதாமல் இடுங்கள். ஆயர் நிக்கொலாசின் வழி அதுவே.

தீவனத் தொட்டியில் கிடத்தப்பட்ட பாலனுக்கு ஞானிகள் கொண்டுவந்தவை மூன்றே பொருள்கள். அவர் யார் என்று அறிந்து கொண்டுவந்தவை அவை. நம் பிள்ளைகள் யார் என்று அறிந்து நாமும் கொடுப்போம்.

பிறக்கவிருக்கும் பாலன் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக.

உங்கள் பங்குத்தந்தை