மத்திக்கு ஒரு வயது

ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்கும் தொழிலில் மீன் பெயர்களைப் போலத் தொல்லை தருபவை வேறில்லை. 'சார்டைன்' என்று வந்தால் அகராதி 'சாளை' என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். சாளையிலோ பல வகை. செய்தியில் வருவது பெரும்பாலும் ஒரே வகைதான். அதைத் தென் கேரளத்தில் சாள என்பார்கள், வட கேரளத்தில் மத்தி. மங்களூர்ப் பக்கம் பூத்தாய், கொங்கணக் கரையில் தார்ளி. நம் கரையில் பேச்சாளை, நெய்ச்சாளை, மத்தி என்று ஊருக்கு ஒரு பெயர். எதை எழுதினாலும் இன்னொரு ஊர்க்காரர், "அது என்ன மீன்?" என்று கேட்பார். நான் மத்தி என்றே எழுதிவிடுகிறேன்.

2021-ன் கடைசியில் ஒரு வேலையாகக் கொச்சிக்குப் போயிருந்தேன். எறணாகுளம் அருகே ஒரு சந்தையில் மீன் விற்ற அம்மாவிடம், "சேச்சி, மத்தி உண்டா?" என்று கேட்டேன். கூடையைக் காட்டினார். என் மலையாளத்தில் தமிழ் வாடை அடித்திருக்க வேண்டும். "இது உங்கள் ஊரிலிருந்து லாரியில் வந்தது சாரே. எங்கள் கடலில் மத்தி இல்லை" என்றார்.

மிகைப்படுத்தவில்லை அவர். கேரளக் கரையில் 2012-ல் சுமார் 4 லட்சம் டன் மத்தி பிடிபட்டது. 2021-ல் கிடைத்தது ஏறத்தாழ 3,300 டன். கப்பக்கிழங்கும் மத்திக் குழம்புமாக வளர்ந்த மாநிலத்தில், ஏழையின் மீன் என்று பெயரெடுத்த மத்தி, பணக்கார மீன்களின் விலைக்குப் போட்டி போட்டது.

எங்கே போனது மத்தி? விசைப்படகுக்காரர் வள்ளக்காரரைக் கைகாட்டுவார். வள்ளக்காரர் விசைப்படகைக் கைகாட்டுவார். இருவரும் சேர்ந்து வெயிலைக் குற்றம் சொல்வார்கள். விடை தேடுமுன் இந்த மீனின் வாழ்க்கையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

மத்தியின் ஆயுள் அதிகம் போனால் இரண்டரை ஆண்டு. நீளம் ஒரு சாணை எட்டினால் அது கிழ மீன். தென்மேற்குப் பருவமழைதான் அதன் பஞ்சாங்கம். ஜூனில் மழைக் காற்று வீசத் தொடங்கியதும் கேரள, கர்நாடகக் கரையோரத்து மேல்நீர் ஆழ்கடல் பக்கம் தள்ளப்படுகிறது. அந்த இடத்தை நிரப்ப அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே வருகிறது. அடிநீரில் உரச்சத்து அதிகம். வெயிலும் உரமும் சேர்ந்ததும், கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் கோடிகோடியாகப் பெருகுகின்றன. மத்தியின் செவுளில் சல்லடை போன்ற நுண்ணிய இழைகள் உண்டு. வாயைத் திறந்துகொண்டு நீந்தினால் போதும். நீர் வெளியேறிவிடும், பாசி தங்கிவிடும்.

முட்டையிடுவதும் இதே மழைக் காலத்தில்தான். மிதக்கும் முட்டைகள் ஏறக்குறைய ஒரே நாளில் பொரிந்துவிடும். குஞ்சு கண் திறக்கும்போது உணவு தயாராக இருக்க வேண்டும். மழை முந்தினாலும் பிந்தினாலும், காற்று குறைந்தாலும், அந்த ஆண்டுக் குஞ்சுகள் பிழைப்பது கடினம். அதனால்தான் மத்தி ஒரு வருடம் கரையை மூடும், மறு வருடம் காணாமல் போகும். நூறு ஆண்டுகளாக விஞ்ஞானிகளை அலைக்கழிக்கும் சமாசாரம் இது. அன்றைய சென்னை மாகாண மீன்துறையின் ஜேம்ஸ் ஹார்னெல், ராமசாமி நாயுடு ஆகிய இருவரும் மலபார் மத்தியின் வாழ்க்கை வரலாற்றை 1924-லேயே எழுதி வெளியிட்டார்கள். பிராஜிலேரியா என்ற ஒருவகை நுண்பாசி கடலில் மிகுந்தால் மத்தி வரவும் மிகும் என்று 1955-ல் ஓர் ஆய்வு சொன்னது.

ஆக, கடலின் பங்கு பெரிது. 1994-லும் கேரளத்தில் மத்தி ஏறக்குறைய அற்றுப்போய், பிறகு மீண்டது. எண்பதுகளின் நடுப்பகுதி வரை மேற்குக் கரையையே நம்பியிருந்த மத்தி, அதன் பின் தமிழகக் கரையிலும் ஏராளமாகக் கிடைக்கத் தொடங்கியது. கொச்சிக்கு லாரியில் மத்தி போன கதையின் ஆரம்பம் அதுதான். எல்நினோ ஆண்டான 2015-ல் கேரள மத்தி சரிந்ததற்குக் கடல் சூடேறியது ஒரு காரணம். அதற்கு முந்தைய ஆண்டுகளில் அளவு மீறிப் பிடித்தது இன்னொரு காரணம். ஆய்வாளர்கள் இரண்டையும் சேர்த்தே சொல்கிறார்கள். முதலாவது நம் கையில் இல்லை. இரண்டாவது இருக்கிறது.

மத்தி தன் முதல் வயது நிறையும் சமயத்தில், சுமார் 15 சென்டிமீட்டர் வளர்ந்த பிறகுதான் முட்டையிடும் பருவத்தை அடைகிறது. கேரள அரசு 2015-ல் கொண்டுவந்த விதிப்படி 10 சென்டிமீட்டருக்குக் குறைந்த மத்தியைப் பிடிக்கக் கூடாது. விதி வந்ததே நல்ல காரியம். ஆனால் 10-க்கும் 15-க்கும் நடுவில் நிற்கும் மீன், சட்டப்படி பிடிக்கத் தக்கது, ஒரு முறைகூட முட்டையிடாதது. இரண்டரை வருட ஆயுளில் அதற்குக் கிடைப்பது ஒன்றிரண்டு மழைக்காலம். முதல் மழையைப் பார்க்குமுன்பே பிடித்துவிட்டால், அடுத்த ஆண்டு முட்டையிட யார் இருப்பார்கள்?

மீனவரின் பதிலையும் கேட்க வேண்டும். ரிங் சீன் எனப்படும் சுற்றுவலை எண்பதுகளில் கேரளத்துக்கு வந்தது. இன்று சில வலைகள் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீள்கின்றன. ஒரு வள்ளத்தில் நாற்பது, ஐம்பது பேர் போகிறார்கள். எரிபொருள் கடன், வலைக் கடன், கூலி எல்லாம் தலைக்கு மேல் நிற்கும்போது, வளைத்த கூட்டத்தில் பொடி மீன் இருக்கிறது என்று யார் விடுவார்கள்? விட்டாலும் பயனில்லை. மத்தி மென்மையான மீன். வலையில் நெருக்குண்டு செதில் உதிர்ந்தது திரும்பப் பிழைப்பது அரிது. நான் விட்டால் அடுத்த வள்ளம் அள்ளும் என்பது இன்னொரு வாதம். இரண்டும் நியாயம்தான்.

அப்படியானால் முடிவு எடுக்க வேண்டிய இடம் நடுக்கடல் அல்ல. ஒன்று, வலை பின்னும் இடம். கண்ணி அகலமாக இருந்தால் பொடி மீன் தானே தப்பும். மற்றொன்று, மீன் வாங்கும் இடம். மனிதர் உண்ணாத பொடி மத்திக்கும் ஒரு சந்தை இருக்கிறது. அதை அரைத்துக் கோழித் தீவனமும் இறால் தீவனமும் செய்யும் ஆலைகள் டன் கணக்கில் வாங்குகின்றன. வாங்க ஆள் இருக்கும்வரை கரையில் அளவுகோலுடன் நிற்கும் அதிகாரி என்ன செய்துவிட முடியும்? நாற்பதுகளில் சென்னை மாகாண அரசு, சிறு மத்தியைக் காக்க சில வலைகளுக்குத் தடை விதித்தது. அவற்றில் ஒன்றின் பெயரே 'மத்திக்கொல்லி வலை'. நடைமுறைப்படுத்த முடியாமல் சில ஆண்டுகளிலேயே தடை கைவிடப்பட்டது. சட்டம் அன்றும் கரையில்தான் தோற்றது.

இப்போது மத்தி திரும்பி வந்திருக்கிறது. 2024-ல் கேரளத்தில் சுமார் ஒன்றரை லட்சம் டன் கிடைத்தது. ஆனால் அந்த ஆண்டு கடலில் கூட்டம் பெருகி, இரை போதாமல், மீன் வளரவே இல்லை. கரைக்கு வந்தவற்றில் பெரும்பகுதி மெலிந்த சிறு மீன்கள். சில நாட்களில் கிலோ 20, 30 ரூபாய்க்கு விலை விழுந்தது. மீனவருக்கு எரிபொருள் காசுகூடத் தேறாத விலை. மத்தி வராத வருடம் வாங்குபவர் வாடினார், நிறைய வந்த வருடம் பிடித்தவர் வாடினார்.

மழையை நாம் ஏவ முடியாது. எல்நினோவுக்கு விதி போட முடியாது. மத்தியின் முதல் வயதை அதற்கு விட்டுக்கொடுப்பது ஒன்றுதான் நம்மால் ஆகும். கேரளம் மட்டும் செய்தால் போதாது. மீனுக்கு மாநில எல்லை தெரியாது. கோவாவிலிருந்து தமிழ்நாடு வரை ஒரே அளவு, ஒரே கண்ணி என்று பேசி முடிக்க வேண்டிய காரியம் இது. அதுவரை, சந்தைக்குப் போகும் நாம் ஒன்று செய்யலாம். ஆள்காட்டி விரலைவிடச் சற்றே நீளமான மத்தியைக் குவித்து வைத்து மலிவாகக் கூப்பிட்டால், "பெரிய மத்தி வரும்போது சொல்லுங்கள், சேச்சி" என்று நகர்ந்துவிடலாம். ஒருவர் நகர்ந்தால் ஒன்றும் ஆகாது. பலர் நகர்ந்தால் வலையின் கண்ணி அகலும்.